அரை ஆள்

சுபஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுப்பதற்குள் உப்பளத்தில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு பாத்தியில் நிற்பது லேசான காரியமல்ல. கீழே உப்பு நீர் பாதத்து வெடிப்புகளை அரிக்கும். எதிரே விரிந்து கிடக்கும் வெள்ளை கண்ணைக் குத்தும். அதனால் புத்தளத்து மதுரங்குளிக்கு மேற்கே, கடல்நீர் தேங்கும் களப்போரமாகக் கிடந்த சியாம் முதலாளியின் அளத்தில் ஆட்கள் இருட்டோடு இறங்கினார்கள். ஆண்கள் நீண்ட பிடி போட்ட பலகைகளால் உப்பை வாரி இழுத்துக் குவித்தார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் வரம்பில் வரிசையாக நடந்து மேட்டில் கொட்டினார்கள். கூடையிலிருந்து வடிந்த நீர் கழுத்து வழியே முதுகில் ஒழுகியது. தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று அதை அங்கேயே காயவைத்தது.

முதுகில் ஆபரேஷன் செய்தபின் மஸாஹிர் அன்றுதான் முதல் தடவையாகப் பாத்தியில் இறங்கியிருந்தான். பலகையை எறிந்து இழுத்தான். உப்பு கரகரவென்று உடைந்து வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவன் எத்தனை நாள் ஏங்கியிருந்தான். இன்னும் ஓர் இழுவை, இன்னுமொன்று. திடீரென்று இடுப்பில் ஏதோ சுருண்டு இறுகியது. அங்கிருந்து தொடை வழியாகப் பெருவிரல் வரை நெருப்பு இறங்கியது. விழாமல் இருக்கப் பலகையின் பிடியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றான். பக்கத்துப் பாத்தியில் அவனோடு காலமெல்லாம் மூட்டை ஏற்றிய அஸ்மின் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

வரம்பில் நின்ற சியாம் முதலாளியும் பார்த்தார்.

"என்ன மஸாஹிர், பலகையப் புடிச்சிட்டு களப்பு பாக்கிறியா?"

"இடுப்பு புடிச்சிட்டு முதலாளி. கொஞ்சம் நிண்டா சரியாகும்."

"ஆபரேசன் செஞ்சாச்சி. காயம் ஆறியாச்சி. ஆஸ்பத்திரில வீட்ட போகத் துண்டு வெட்டி அனுப்பியாச்சி. இன்னும் என்ன இடுப்பு?"

அதே கேள்வியைத்தான் மஸாஹிரும் தன் உடம்பிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

போன மழைக்கு முன்பு, லொறியில் உப்பு மூட்டை ஏற்றும்போது ஏறுபலகை முறிந்தது. அது உளுத்துப்போனது என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் சொல்லியிருந்தார்கள். "இந்த விளைச்சல் முடியட்டும்" என்றிருந்தார். மஸாஹிர் தோளில் மூட்டையோடு விழுந்தான். முள்ளந்தண்டுத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியதில் ஒரு கால் இழுபட்டது. கொழும்பில் வெட்டிச் சரிசெய்தார்கள். கால் சரியாகிவிட்டது. ஆனால் வலி, போன விருந்தாளி மறந்துவிட்ட சாமானுக்குத் திரும்பி வந்ததுபோல, சில வாரங்களிலேயே திரும்பி வந்து குடியேறிவிட்டது.

பாத்தியில் இடுப்பு பிடித்ததற்கு மறுநாளிலிருந்து, அவன் ஆபரேஷனுக்குக் கிடந்த நாட்களைப் போலவே, அவனுடைய மனைவி ரம்ஸியா கூடை சுமக்கப் போனாள். அவர்கள் இருந்தது முதலாளி ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டியிருந்த அளத்து லயத்து வீட்டில். அந்த வீட்டிலிருந்து ஓர் ஆளாவது பாத்தியில் இறங்க வேண்டும் என்பது கட்டளை. மஸாஹிர் பாயில் கிடந்து கூரையைப் பார்த்தான். படுத்தால் ஆறும் என்று நினைத்தான். படுக்கப் படுக்க இடுப்பு மரமாகியது. ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை உள்ளே ஓடிவந்தபோது, மகள் ஸஃப்னா வாசலில் நின்று மறித்தாள்.

"வாப்பாக்குக் கிட்ட போகக் கூடாது. தொட்டா நோகும்."

பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளை அது. அதற்கு யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. மஸாஹிர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த மாதம் அவனுடைய தாய் சாரா உம்மா மவுத்தானார்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தவர் அவர். இப்போது அவருடைய உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க மகன் தோளைக் கொடுத்தான். வாசல் தாண்டுவதற்குள் கால் மடிந்தது. சந்தூக்கு ஒரு பக்கம் சரிந்தது. யாரோ பாய்ந்து பிடித்தார்கள். யாரோ அவனை விலக்கினார்கள். மையவாடியில் கபுறுக்குள் இறங்கி உம்மாவை ஏந்தி வைக்க வேண்டியவன் அவன்தான். குனிந்து பார்த்தான். முடியவில்லை. அஸ்மின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். மஸாஹிர் மேலே நின்று, வேறொருவனுடைய கைகளில் தன் உம்மா இறங்குவதைப் பார்த்தான். மண் அள்ளிப் போடவும் அவனால் குனிய முடியாததால், பக்கத்தில் நின்றவர் அவன் உள்ளங்கையில் மண்ணை வைத்தார்.

திரும்பும்போது பின்னால் சியாம் முதலாளியின் குரல் கேட்டது. "நல்லாத்தானே நிக்கிறான். வேலை எண்டாத்தான் நோவு."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அஸ்மினும் பேசவில்லை. அன்றைக்கு மஸாஹிருக்கு வலியைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

"திரும்ப ஒருக்கா வெட்டச் சொல்லிக் கேக்கப்போறன்," என்றான் ரம்ஸியாவிடம். "உள்ளுக்கு என்னமோ மிச்சம் விட்டுட்டாங்க. அத எடுத்தாச் சரியாகிடும்."

ரம்ஸியா தலைச் சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் முடி தேய்ந்து தோல் தெரிந்தது. "போவோம்," என்று மட்டும் சொன்னாள்.

கிளினிக்கில் டொக்டர் புதிதாக எடுத்த படங்களை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். உடைந்த தமிழில் சொன்னார். "நரம்பு இப்ப நசுங்கி இல்ல. வெட்டி எடுக்க ஒண்டும் இல்ல. திரும்ப வெட்டினா கூடக்கூட நோவு வரலாம். நான் வெட்ட மாட்டன்."

ஒன்றுமில்லை. மஸாஹிரின் காதில் அந்தச் சொல் மட்டுமே விழுந்தது. அப்படியானால் முதலாளி சொன்னது சரி, தன் உடம்பே தன்னைப் பொய்யனாக்கிவிட்டது என்று நினைத்தான். டொக்டர் அனுப்பிய உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவில், சிலாபத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் எமிலியா மிஸ் முன்னால் நின்றபோது அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"மிஸ், நான் பொய் சொல்லல்ல."

"நீங்க பொய் சொல்றீங்க எண்டு ஆர் சொன்னது? கதிரைல இருக்க ஏலாட்டி நில்லுங்க. நானும் நிண்டு கதைக்கிறன்."

அவள் அவசரப்படாமல் சொன்னாள். நசுங்கிக் கிடந்த நரம்பு விடுபட்டுவிட்டது; ஆனால் பல மாதம் ஆபத்து ஆபத்து என்று கத்திப் பழகிய நரம்புக்கு, ஆபத்துப் போய்விட்டது என்று இன்னும் நம்பிக்கை வரவில்லை. அதனால் சின்ன அசைவுக்கும் கத்துகிறது. வலி உண்மையானது. ஆனால் வலிக்கிறபோதெல்லாம் உள்ளே ஏதோ முறிகிறது என்று அர்த்தமில்லை.

மஸாஹிருக்கு உம்மா நினைவு வந்தது. புத்தளத்துக்கு வந்து எத்தனையோ வருடம் அவர் கதவோரம் ஒரு மூட்டை கட்டியே வைத்திருந்தார். தெருவில் வாகனம் நின்றால் பிள்ளைகளை எழுப்பிவிடுவார். விரட்டுவதற்கு யாரும் வரவில்லை என்று எவ்வளவு சொன்னாலும் அவருக்கு விளங்கவில்லை. கிணற்றடிப் பேச்சு, கலியாணவீட்டு வேலை, பேரப்பிள்ளையின் தொட்டில் என்று நாட்கள் போகப் போகத்தான், ஒருநாள் அந்த மூட்டையை அவரே அவிழ்த்தார்.

"அப்ப இது போகாதா மிஸ்?"

"முழுக்கப் போகும் எண்டு நான் சொன்னா அது பொய். குறையும். குறையாத நாளிலயும் நீங்க வாழலாம். படுத்தே கிடக்க வேணாம். ஏலுற தூரம் நடங்க, நோவு கூடுறதுக்கு முதல் நில்லுங்க, மூச்ச மெதுவா விடுங்க, திரும்ப நடங்க. நாளைக்குக் கொஞ்சம் கூட. நரம்புக்கு டொக்டர் தந்த மாத்திரைய நீங்களா நிப்பாட்டாதீங்க. வேலைக்கும் போங்க. ஆனா மூட்டை வேணாம். இருந்து, எழும்பி, நடந்து செய்ற வேலை. கால் மரத்தா, சலம் மலம் போறது தெரியாமப் போனா, அண்டைக்கே ஓடி வரணும்."

பிறகு ரம்ஸியாவைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க நல்லாத் தூங்குறீங்களா?"

அந்தக் கேள்வியை ரம்ஸியாவிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எமிலியா மிஸ் அழவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

மஸாஹிர் நடக்கத் தொடங்கினான். முதலில் கிணறு வரை. பிறகு வேப்பமரம் வரை. சில நாள் முன்னேறினான். சில நாள் கிணறு கூட எட்டவில்லை. எட்டாத நாளில் தின்ற சோறு கசந்தது. ஆனாலும் ஒருநாள் அளத்து வரம்பு வரை வந்துவிட்டான். களப்பு நீரைப் பாத்திக்குத் திறந்துவிடும் மதகடியில் நின்று, இந்த வேலை நம்மால் ஏலும் என்று நினைத்தான்.

சியாம் முதலாளி அங்கே வந்தார்.

"கொழும்பில எனக்குத் தெரிஞ்ச தனியார் ஆஸ்பத்திரி இரிக்கி. திரும்ப வெட்டிச் சரியாக்கிட்டு வந்து மூட்டை தூக்கு. இல்லாட்டி வீட்ட விடு. மூட்டைக்கு வேற ஆள் வாறான்."

"திரும்ப வெட்டக் கூடாதாம் முதலாளி. மதகு வேலை தாங்க. தண்ணி பாக்கிறன், வரம்பு பாக்கிறன். ரம்ஸியாவும் வேலைக்கு வாறாதானே."

"அரை ஆளுக்கு இங்க வேலை இல்ல. அகதியா வந்த ஆக்களுக்கு என்ட வாப்பா இடம் குடுத்தாரு. அதுக்கு நீ தாற நன்றியா இது?"

மஸாஹிர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். "இடம் குடுத்தீங்க. ஓம். ஏறுபலகையும் நீங்கதான் குடுத்தீங்க."

கூடையோடு வந்துகொண்டிருந்த பவுலினா நின்றாள். கற்பிட்டியிலிருந்து கலியாணம் முடித்து வந்த நாள் முதல் அந்த அளத்தில் சுமப்பவள். வயதில் எல்லோருக்கும் மூத்தவள். கூடையைத் தலையிலிருந்து இறக்கி வரம்பில் வைத்தாள்.

"முதலாளி, எனக்கு ரெண்டு முழங்காலும் வீங்கித்தான் கிடக்கு. விடிய எழும்பேக்குள்ள சுவரைப் புடிச்சித்தான் எழும்புறன். சொன்னா நீங்க நிப்பாட்டிப் போடுவீங்க எண்டு சொல்லல்ல. அப்ப நானும் அரை ஆள்தான்."

இன்னொருத்தி பார்வை மங்குவதைச் சொன்னாள். ஒருவன் உப்பு தின்று ஆறாத பாதத்தைத் தூக்கிக் காட்டினான். கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ரம்ஸியாவும் இறக்கினாள். ஒருவருக்கொருவர் இத்தனை நாள் மறைத்தவற்றை அன்றுதான் கேட்டார்கள்.

கடைசியாக அஸ்மின் பாத்தியிலிருந்து ஏறி வந்தான். முதலாளியைப் பார்க்காமல், தன்னைவிட மூத்த மஸாஹிரைப் பார்த்தான்.

"மஸாஹிர் நாநா, அந்தப் பலகை முறிஞ்ச நாள் பின்னால நிண்டு மூட்டையப் புடிச்சதில எனக்கும் இடுப்புல அடி விழுந்திச்சி. மாத்திரை போட்டுட்டுத்தான் தூக்குறன். உங்களப் பாத்தா எனக்குப் பயம். நானும் அப்பிடி ஆகிடுவன் எண்டு பயம். அதான் மையவாடில வாய் திறக்கல்ல."

மஸாஹிர் அவன் தோளில் கையை வைத்தான்.

"எல்லாரும் சேந்து நாடகமா?" என்றார் சியாம் முதலாளி. "இப்ப இறங்காதவன் நாளைக்கு வர வேணாம். உப்புக் கரைஞ்சாலும் பரவாயில்ல."

"உப்பு கரையாது முதலாளி," என்றாள் பவுலினா. "நாங்கதான் கரைஞ்சிட்டு இரிக்கிறம். மஸாஹிர் தம்பிக்கு மதகு வேலை வேணும். அவங்க வீட்ட விட மாட்டாங்க. மூட்டை சின்னதாகணும், ஏறுபலகை புதுசாகணும். இதக் கதைக்க நாங்க புத்தளத்துக்கு, வேலையாக்கள்ட முறைப்பாடு கேக்கிற தொழில் கந்தோருக்குப் போறம்."

அவர் வாகனத்தை முடுக்கிக்கொண்டு போனார். அங்கே கேட்பார்களா, நாளை அடுப்பு எரியுமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெருந்தெருவை நோக்கி நடந்தார்கள்.

பாதி வழியில், ஒரு தென்னந்தோட்டத்து வேலியோரம் மஸாஹிருக்கு இடுப்பு இறுகத் தொடங்கியது.

"நீங்க போங்க. பஸ் போயிடும். நான் பொறவு வாறன்."

அஸ்மின் வேலியோரம் குந்தினான். பவுலினா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தாள். முன்னால் போனவர்களும் நின்று, திரும்பி வந்தார்கள்.

"இந்த பஸ் போனா மத்த பஸ் வரும்," என்றாள் பவுலினா. "உன்ன விட்டுட்டு உனக்காக என்னத்தக் கதைக்கிறது?"

மஸாஹிர் நின்றபடியே மூச்சை மெதுவாக விட்டான். வலி போகவில்லை. கொஞ்சம் தளர்ந்தது. ரம்ஸியா கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டான்.

"நடப்பம்," என்றான்.

எல்லோரும் எழும்பினார்கள். யாரும் அவனை முந்தவில்லை.