நிறுத்தித் திரும்பப் போடு

மறுபடியும் நின்றுவிட்டது.

அருந்ததி விரல்களை விசைகளிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவோம் என்று பயம். லேப்டாப் திரையில் 'தாவரங்கள் சூரிய ஒளியைக் கொண்டு' என்பதுவரை இருக்கிறது. அதற்கு மேல் ஓர் எழுத்தும் ஏறமாட்டேன் என்கிறது. அம்புக்குறி அசையவில்லை. பெட்டிக்குள் மட்டும் ஏதோ கறுக் கறுக்கென்று அரைத்துக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்தாள். பிள்ளையாரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கடைசியில் திரை முழுக்க நீலமாகி, எண்ணும் இங்கிலீஷுமாக ஒரு விளக்கம் சொன்னது. விளக்கமாம்! காலையிலிருந்து தட்டியதையெல்லாம் ஏப்பம் விட்டுவிட்டு விளக்கம் வேறு!

"நாசமாப் போக," என்றாள் சத்தமாகவே.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் தியாகராஜா தலையைத் தூக்கவில்லை. "நிறுத்தித் திரும்பப் போடு, பிள்ளை."

அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஜோகூருக்கு மாறிப்போன ஓர் அதிகாரியிடமிருந்து அந்த லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். வாங்கின நாளிலிருந்து அது இப்படித்தான் உயிரை வாங்குகிறது. வேறு ஏதாவது செய்து பார்க்கலாமா என்று கேட்டால், "ஓடுதுல்ல? ஓடுறதை ஏன் நோண்டணும்?" என்பார். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குக் கிளார்க்காக வந்தவர், அப்பா கிளார்க், இவர் துறைமுக ஆபீஸில் தலைமைக் கிளார்க். மூன்று தலைமுறையாகப் பேனா பிடித்த குடும்பம் எதையும் முறைப்படி செய்யும், எதையும் லேசில் தூக்கிப் போடாது.

அருந்ததியையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. பெண் பார்க்க வந்தார்கள், வடை தின்றார்கள், செவ்வாய் தோஷம் என்றார்கள், போனார்கள். அப்புறம் வருவதும் நின்றது. தங்கச்சி கல்யாணமாகாமல் வீட்டில் இருக்கும்போது அண்ணன் மாலை மாற்றிக்கொள்கிற வழக்கம் அவர்களுக்குள் கிடையாது. அதனால் தியாகராஜாவும் ஒண்டிக்கட்டை. அது அவருக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்று அருந்ததி நினைத்திருந்தாள். பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், இரண்டு பேர். அவள் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அவர் வாசலில் நின்று பார்ப்பார். கொஞ்சம் நேரமானால் பஸ் நிற்குமிடத்துக்கே வந்துவிடுவார். திட்ட மாட்டார். திட்டினாலாவது பதிலுக்குச் சண்டை பிடிக்கலாம்!

போன வருஷம் மலேசிய வெள்ளியின் மதிப்பு விழுந்த வேகத்தில் அவள் வேலை பார்த்த லாயர் ஆபீஸை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் இந்தச் சுவர்தான், இந்த மின்விசிறிதான், அண்ணனின் இருமல்தான். மூச்சு முட்டியது. சில மத்தியானங்களில் பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள்.

அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து சலேஹா கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள், இப்போது பாடப் பயிற்சி நூல் போடும் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியர். மலாயில் இருக்கும் அறிவியல் புத்தகத்தைத் தமிழாக்கித் தட்டித் தர வேண்டும்.

"கையால எழுதினது வேணாம் அருந்ததி, டிஸ்க்லதான் வேணும். திங்கட்கிழமை நீயே கொண்டுட்டு வா. முதலாளி பார்த்து ஓக்கேன்னா அடுத்த நாளே வேலை. தங்க ரூம் நான் பார்த்து வச்சிருக்கேன். ஆனா திங்கள் தாண்டினா இன்னொரு ஆள் ரெடியா இருக்காங்க, அப்புறம் என்னைக் குறை சொல்லாதே லா."

அண்ணனிடம் புத்தக வேலை என்று மட்டும் சொன்னாள். கோலாலம்பூரைப் பற்றி மூச்சு விடவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அந்தப் புத்தகம். அந்த வழியைத்தான் இந்தச் சனியன் பிடித்த பெட்டி நாளுக்கு நான்கு தடவை அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று அத்தியாயம் பாக்கி. இது புதன்கிழமை.

மறுநாள் அண்ணன் ஆபீஸுக்குப் போனதும், லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாள். ஏதோ திருடிக்கொண்டு போகிறவள் மாதிரி பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் நாகூர் மீரானின் கம்ப்யூட்டர் கடை. கீழே மீன்குழம்பு கொதிக்கும், மேலே ரிப்பேர் நடக்கும். மீரானுக்குக் கையைவிட வாய் வேகம். அவர் பெட்டியைத் திறந்து நாலு தட்டுத் தட்டியதும் அது அவரெதிரிலும் நின்றது. அருந்ததிக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

"பெட்டி நல்லாத்தான் இருக்குக்கா. உள்ள ஓடுற சிஸ்டம்தான் இதுக்குப் பாரம். வேற போட்டுரலாம். லினக்ஸ்னு ஒண்ணு. பினாங்குல ரொம்பப் பேருக்குத் தெரியாது. போட்டோம்னா நிக்கவே நிக்காது."

"பழசு?"

"அதைத் துடைச்சுரும். ரெண்டுக்கும் இதுல இடம் பத்தாது. வச்சா இது, இல்லாட்டி அது. நீங்கதான் சொல்லணும்."

நீங்கதான் சொல்லணும்! அவளிடம் யாரும் எதையும் இப்படி முன்னால் வைத்துக் கேட்டதில்லை. தீபாவளிச் சேலையைக்கூட அண்ணன்தான் எடுத்துக்கொண்டு வருவார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல நிறமாகத்தான் எடுப்பார்.

"தமிழ் வருமா தம்பி?"

"தமிழ் என்னக்கா, ஃபாண்ட்தானே? காப்பி பண்ணிப் போட்டா வந்துரும்."

அண்ணனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். முடிந்த அத்தியாயங்களையெல்லாம் டிஸ்கில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, "போடுங்க," என்றாள். கீழே போய் ஒரு தே தாரே டீ குடித்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். தமிழைக் காணோம். திரை கொள்ளாமல் இங்கிலீஷ் எழுத்து. ஜே, கே, பி, ஓ, நடுநடுவே அரைப்புள்ளி. இரண்டாவது அத்தியாயம், அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேப்பரில் எழுதினது பேப்பரில் இருக்கிற மாதிரி, தமிழில் தட்டினது தமிழாகவே பெட்டிக்குள் இருக்கும் என்றுதானே இத்தனை நாளும் நம்பியிருந்தாள்? மீரானுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, ஃபாண்ட் ஏறலையா? நான் ஏறும்னுதான் நினைச்சேன்," என்று இழுத்தார் மீரான். "அது எப்படின்னா அக்கா, நீங்க தட்டுறது என்னமோ இங்கிலீஷ் ஜேதான். அந்த ஃபாண்ட் அதுக்கு 'த'ன்னு ஒரு முகமூடி போட்டுக் காட்டுது, அவ்வளவுதான். முகமூடி பழைய சிஸ்டத்தோட போயிருச்சு. சோரி லா. பழசையே திரும்பப் போட்டுத் தரேன்."

"எப்போ?"

"இன்னிக்குக் கடையை மூடிட்டேனே. சுங்கை பாக்காப்புல தங்கச்சி கல்யாணம். செவ்வாக்கிழமை கொண்டாங்க."

செவ்வாய்க்கிழமை! அருந்ததி ரிசீவரை வைத்தாள். நின்று நின்று ஓடிய தமிழ் போயிற்று. நிற்காமல் ஓடுகிறதில் தமிழ் இல்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. வேறு யாரிடம் கேட்பது? அண்ணனிடமா? "நான்தான் சொன்னேனே, ஏன் நோண்டினே?" என்பார். அதையும் கோபமில்லாமல் சொல்வார். நினைக்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது. தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேசாமல் இருந்திருக்கலாமே, யார் கேட்டார்கள் இந்தப் புதுசை?

ஆத்திரத்தில் மேசைக்குப் போய் இரண்டு கையையும் விசைகள்மேல் பொத்தென்று வைத்தாள். திரையில் முதல் வரி அப்படியே இருந்தது: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண் அதைப் பார்க்கப் பார்க்க, சொல்லாமலே விரல்கள் அந்த விசைகளைத் தேடிப் போயின. ஜே, லேசாக. கே. மேலே பி. அடுத்து ஓ. கடைசியில் சுண்டுவிரல் அரைப்புள்ளிக்கு.

தமிழ்.

அட! அது 'தமிழ்' என்ற சொல்! திரைக்கு எதுவும் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்திருக்கிறது. இருபது வயதிலிருந்து தமிழ்த் தட்டச்சு தட்டிய கையல்லவா? திரையைப் பார்த்தபடியே அடுத்த சொல்லையும் தட்டிப் பார்த்தாள். 'அறிவியல்.' அதற்கடுத்தது, 'பயிற்சி.' ஒரு பக்கத்தை முழுதாக விரலாலேயே வாசித்தாள். எழுத்துப் பிசகவில்லை. முகமூடிதான் போயிருக்கிறது, முகம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. சலேஹாவின் ஆபீஸில் அந்த ஃபாண்ட் இருக்கிறது. அங்கே போட்டால் தமிழாக எழுந்து நிற்கும். அருந்ததி சிரித்தாள். தனியாக உட்கார்ந்து, பைத்தியக்காரி மாதிரி.

வியாழன் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கியவள் ஞாயிறுவரை எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குக் குப்பை, கைக்குப் பாடம். எது தப்பு என்று திரை காட்டிக் கொடுக்காது. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவாள். விரல் தடுமாறினது போல் இருந்தால் அந்தச் சொல்லையே அழித்துவிட்டு மறுபடி தட்டுவாள். முதுகு விட்டுப்போனது. பெட்டி மட்டும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட நிற்கவில்லை. அது நிற்காமல் ஓட ஓட அவளுக்கு வேறொரு பயம் பிடித்தது. இனிமேல் சாக்குச் சொல்ல இந்தப் பெட்டி கிடையாது. முடித்துவிட்டால், அண்ணனிடம் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் கடைசி வரி முடிந்தது. டிஸ்கில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தியாகராஜா கோயிலிலிருந்து வந்தார். கையில் தப்பாவ் கட்டின மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம். மேசையில் அதை வைக்கப் போனவர் திரையைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது, கண்டபடி? கெட்டுப் போச்சா? நிறுத்தித் திரும்பப்..."

"கெடலை அண்ணே. மாத்திட்டேன். பழைய சிஸ்டத்தை எடுத்துட்டு வேற போட்டாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவீங்க." சொல்லிவிட்டாள். நிறுத்தினால் இனி வராது என்று தெரிந்தது. "இன்னொண்ணும் சொல்லணும். நாளைக்குக் கோலாலம்பூர் போறேன். டிஸ்க்கைக் கொடுக்க மட்டும் இல்லை. அங்க எனக்கு வேலை இருக்கு. அங்கேயே இருக்கப் போறேன்."

தியாகராஜா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஊர் என்ன பேசும் என்று கேட்பார், பொம்பிளை தனியாக எப்படி இருப்பாய் என்று கேட்பார், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்பார். எல்லாவற்றுக்கும் பதிலைப் பல வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"எப்போ இருந்து இந்த நினைப்பு?"

"லாயர் ஆபீஸ்ல சேர்ந்த புதுசுல ஈப்போ கிளைக்குக் கூப்பிட்டாங்க. அப்போ இருந்து."

"அப்பவே போயிருக்கலாமே. ஏன் போகலை?"

"உங்களை விட்டுட்டா? அம்மாவும் போயிட்டாங்க. தனியா இந்த வீட்டுல உங்களை எப்படி விட்டுட்டுப் போறது?"

அவர் தலையை ஆட்டினார், யாரோ கணக்குச் சொன்னதைக் கேட்டுக்கொள்கிறவர் மாதிரி.

"எங்க ஆபீஸ்ல பத்மாவதின்னு ஒருத்தங்க இருந்தாங்க," என்றார். "நம்ம ஆள்தான். என்னைக் கட்டிக்கிறேன்னு காத்துக்கிட்டிருந்தாங்க. தங்கச்சிக்கு ஒண்ணு அமையட்டும், அப்புறம் பார்க்கலாம்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். எத்தனை வருஷம்தான் இருப்பாங்க? போன தை மாசம் தைப்பிங்ல ஒரு வாத்தியாரைக் கட்டிக்கிட்டாங்க. நல்ல மனுஷன். நானும் போய் வாழ்த்திட்டு, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

அருந்ததிக்கு முதலில் அது உறைக்கவில்லை. அப்புறம் உறைத்தது. இவள் அவருக்காக இருந்தாள். அவர் இவளுக்காக இருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒருத்தியைத் தைப்பிங்குக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். இத்தனை காலமும் அவரைத் தன் சிறைக்காவல்காரர் என்றல்லவா மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்?

"ஏன் அண்ணே, எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது, பிள்ளை?" தியாகராஜா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா, நீ எப்போ இந்த வீட்டை விட்டுப் போவேன்னு கேட்ட மாதிரி ஆயிடாதா?"

அவள் அழுதாள். அடக்காமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள். அவருக்குத் தேற்றத் தெரியவில்லை. என்றைக்குமே தெரிந்ததில்லை. எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது.

"பஸ் எப்போ?"

"காலையில முதல் பஸ். கொம்தார் பஸ் ஸ்டேஷன்ல."

"அப்ப விடியும்போதே கிளம்பணும். ஜாம் ஆயிடும்," என்றார். "நானே கொண்டு விடறேன்."

முகத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பவில்லை.