பின் டயர் எலுமிச்சை

ஐயாத்துரை வாங்கிய ஜப்பான் பைக் ராகு காலத்தில் மட்டும்தான் கிளம்பும். திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் பட்டனைத் தொட்டால் போதும், உறுமிக்கொண்டு நிற்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிவரை நீங்கள் தலைகீழாக நின்றாலும் அசையாது. புதன் என்றால் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை, வெள்ளி பத்தரை. மற்றபடி வண்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. கிளம்பிவிட்டால் அணைக்கிறவரைக்கும் ஓடும், மைலேஜும் பரவாயில்லை.

செகண்ட் ஹாண்ட் வண்டிதான். கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கே ஒரு ஷெட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. முதல் சொந்தக்காரர் ஜப்பானில் யாரோ ஒருத்தர். பெயர் தெரியாது, ஆனால் நல்ல மனுஷர், டேங்கில் ஒரு கீறல்கூட விழவிடவில்லை. கடையநல்லூரில் கூட்டுறவுச் சங்க எழுத்தருக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஐயாத்துரை ஓடையைக் கைகாட்டினான். அவன் மனைவி செண்பகவல்லி மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். போகிற வழியில் ஓடை. மழைக்காலத்தில் அவளுடைய பழைய ஸ்கூட்டர் ஓடைக்குள் இறங்கித் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றுவிடும். ஆட்டோக்காரர்கள் ஓடை என்றதும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பஸ் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பத்தாகிவிடும். உயரமும் கனமுமான ஒரு வண்டிதான் அதைத் தாண்டும். ஆகவே ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினான். ஓடை மட்டுமே காரணமில்லை என்பது செண்பகவல்லிக்குத் தெரியும். தினமும் காலையில் அவன் அந்த டேங்கைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது!

பள்ளிக்கூடத்துச் சாவி செண்பகவல்லியிடம்தான் இருக்கும். அவள் போனால்தான் கதவு திறக்கும். வாங்கின மறுநாள் திங்கட்கிழமை, வண்டி ஓடையை ஒரே மூச்சில் தாண்டியது. ஐயாத்துரைக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனாள். புதன்கிழமையும் பஸ். இப்படியே நான்கைந்து வாரம் ஓடியபோது, ஒருநாள் கல்வி அதிகாரி ஒருவர் ஒன்பதரைக்கு வந்து, பிள்ளைகள் பூட்டின கதவுக்கு வெளியே மழையில் நனைவதைப் பார்த்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வருவேன், அன்றைக்கும் கதவு பூட்டியிருந்தால் ராமநாதபுரம் பக்கம் மாற்றல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராமநாதபுரம் என்றதும் ஐயாத்துரைக்குப் பழைய நாளெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. கல்யாணமாகி எட்டு வருஷம் அவள் ஒரு ஊர், அவன் ஒரு ஊர் என்று இருந்தவர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிபோல வந்து போனாள். போன வருஷம்தான் கோயில் கோயிலாக வேண்டி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்னும் அவனுக்கு வீட்டில் இரண்டு செருப்பு ஜோடிகள் கிடப்பதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். அதை மறுபடியும் ஒன்றாக்குவதா? இந்தப் பாழாய்ப்போன வண்டியாலா?

மெக்கானிக் செய்யது அதற்குள் எல்லாம் பார்த்துவிட்டான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் ஊறப்போட்டான். பேட்டரியை மாற்றினான், ஒயரையெல்லாம் புதிதாக இழுத்தான். ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வண்டி கிளம்பியதும் சரியாகிவிட்டது என்று அனுப்பிவைத்தான். வியாழக்கிழமை காலையில் அதே கதை. கடைசியில் கடைச் சுவரில் தொங்கிய நாள்காட்டித் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, வண்டியில கோளாறு இல்ல. இது ராகு காலம் பாக்குது.”

போன மாதம் ஒரு வண்டி அமாவாசைக்கு மட்டும் ஹார்ன் அடித்ததாகவும், அது ஒயர் பிரச்சினை என்பதால் சுலபமாகப் போயிற்று என்றும், இது அவன் கைக்கு மிஞ்சியது என்றும் சொன்னான். கூலி வேண்டாம் என்றுவிட்டான்.

ஐயாத்துரை சும்மா இருக்கவில்லை. ராகு காலத்தில் கிளப்பிவிட்டு அணைக்காமலே விட்டால் என்ன என்று ஒரு செவ்வாய்க்கிழமை செய்து பார்த்தான். வண்டி வாசலில் சமர்த்தாக ஓடிக்கொண்டேயிருந்தது. தெருவில் ஒரு ஜீவன் கண்ணை மூடவில்லை. விடிகிறதற்குள் பெட்ரோல் தீர்ந்து அதுவே நின்றுவிட்டது. அந்தத் தெருக்காரர்கள் நல்லவர்கள், காலையில் ஒருவரும் அவனிடம் பேசவில்லை.

அதிகாரி வருகிற வெள்ளிக்கு முந்தின சாயங்காலம், இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். வண்டி வாங்கிய அன்று பூஜை போட்டது அங்கேதான். பூசாரி ஆவுடையப்பனுக்கு அவர்களை நினைவிருந்தது, வண்டியை அதைவிட நன்றாக நினைவிருந்தது. மாலை போட்டு, சந்தனம் பூசி, முன் டயருக்கு ஒன்றும் பின் டயருக்கு ஒன்றுமாக எலுமிச்சை வைத்து, சரி ஏத்துங்க தம்பி என்று அவர் சொன்ன நேரத்தில், எதிரே ஒரு கோயில் காளை வந்து படுத்துக்கொண்டது. அதட்டியும் எழவில்லை. பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான். அவசரத்தில் பழத்தை டயருக்குப் பின்பக்கம் மாற்றி வைத்து, வண்டியைப் பின்னால் உருட்டி நசுக்கிவிட்டார்கள்.

“பின்னால போயி நசுக்கினா எல்லாம் தலைகீழாத்தான் நடக்கும். நல்ல நேரமெல்லாம் அதுக்குக் கெட்ட நேரம்” என்றார் பூசாரி.

பரிகாரம் ஒன்றும் பெரிதில்லை. அதே பழங்கள் மீது வண்டியை முன்னால் ஏற்றி இறக்கவேண்டும், அவ்வளவுதான். வேறு பழம் உதவாது. தலைகீழ்த்தனம் காற்றோடு போகிற சாமானும் கிடையாது, டயருக்கு அடியில் இருப்பதில் இறங்கிக்கொள்ளும், வண்டி தப்பித்துவிடும் என்றார். ஐயாத்துரைக்கு மூஞ்சி செத்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் நசுங்கின பழத்தை எந்தக் குப்பையில் போய்த் தேடுவது?

செண்பகவல்லி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“அதை நான் ஊறுகாய் போட்டுட்டேன்.”

கண்ணேறு கழித்த பழத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. ஆனால் அவளால் எதையும் தூக்கிப் போட முடியாது, சுபாவம் அப்படி. நல்ல ரசமுள்ள பழங்கள், தோல் மெலிசு, லேசாகத்தான் நசுங்கியிருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டு போய், கழுவி நறுக்கி உப்புப் போட்டுவிட்டாள். முன் டயர் பழத்தைச் சின்னத் துண்டாகவும் பின் டயர் பழத்தைப் பெரிய துண்டாகவும் நறுக்கினாள். கொஞ்சம் நல்லெண்ணெயும் பெருங்காயமும் சேர்ந்ததும் ஐயாத்துரை மதியச் சாப்பாட்டுக்கு அதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பெரிய துண்டுகள் முழுக்க அவன் வயிற்றுக்குள் போய்விட்டன. சின்னத் துண்டுகள் ஜாடியில் பத்திரமாக இருந்தன.

முன் டயருக்குக் கவலையில்லை என்றார் பூசாரி. பின் டயருக்குத் தம்பி படுத்துக்கொள்ளவேண்டும்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, பால்காரர் போனபின், ஐயாத்துரை வாசல் தெளித்த ஈரம் காயாத தெருவில் ஒரு கோரைப்பாயை விரித்து மல்லாந்து படுத்தான். செண்பகவல்லி ஜாடியிலிருந்து ஊறுகாயை எடுத்து வாழையிலைத் துண்டில் முன் டயருக்கு முன்னால் பரப்பினாள். வண்டியைப் பிடிக்கச் செய்யது வந்திருந்தான். அவன் வண்டியின் கனத்தைச் சொல்லத் தொடங்கி, ஐயாத்துரையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினான். வலிக்குமோ, குடல் வெளியே வந்துவிடுமோ என்று ஐயாத்துரை நினைத்தான். பிறகு ராமநாதபுரத்தை நினைத்துக்கொண்டான். “தள்ளுங்க” என்றான்.

இருவரும் தள்ளினார்கள். முன் டயர் இலையை ஏறி இறங்கியது. பின் டயர் வந்து அவன் வயிற்றின்மேல் ஏறி, யாரோ ஒருத்தர் கை வைத்துப் பார்த்ததுபோல ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்று. ஒரு பெரிய ஏப்பம் வந்தது. அதில் பெருங்காய வாசனை அடித்தது. அவ்வளவுதான்.

செண்பகவல்லி பட்டனைத் தொட்டாள். வெள்ளிக்கிழமை, காலை ஏழேகால், ராகு காலத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் கிடக்கிறது. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

அப்பாடா! ஐயாத்துரைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கூடச் சிரித்தபடி கையை உயர்த்திக் காட்டினார், இனி நாங்களும் தூங்குவோம் என்பதுபோல. ஏறிக்கொள்ளச் சொல்லி செண்பகவல்லி கூப்பிட்டாள். ஐயாத்துரை எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. வலி ஒன்றுமில்லை. கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன. ஆள்தான் கிளம்பவில்லை.

செய்யது குனிந்து பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தைத் திருப்பினான்.

“டீச்சர், நீங்க போங்க. அண்ணாச்சிக்குப் பத்தரைக்குத்தான்.”

அவள் உள்ளே போய் ஒரு தலையணை கொண்டுவந்து அவன் தலைக்கு அடியில் வைத்தாள். இலையில் கிடந்த ஊறுகாயைப் பார்த்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. கழுவி, மறுபடியும் எண்ணெய் விட்டு, ஒரு துண்டை ஜாடியில் விட்டுவிட்டு மற்றதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்புகிறவரைக்கும் ஐயாத்துரை படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைவிட அவள் நன்றாகவே ஓட்டினாள். சைக்கிளில் வந்தவர்கள் மணி அடித்துச் சுற்றிப் போனார்கள். வெயில் ஏறியதும் எதிர்வீட்டுக்காரர் ஒரு குடையை விரித்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

பத்தரைக்கு எழுந்து குளித்து ஆபீஸ் போனான். அங்கே அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அப்புறம் நாளைக்குத்தான் எழுந்திருக்க முடியும். நின்றபடியே வேலையைப் பார்த்தான். செயலாளர் அவன் மேஜைக்கடியில் நான்கு செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்தார். எத்தனை துண்டு தின்றானோ அத்தனை நாள்தான் இது இருக்கும் என்று பூசாரி ஆள் அனுப்பிச் சொன்னார். ஐயாத்துரை நிறையத்தான் தின்றிருந்தான். ஆனால் மனசு அதில் இல்லை. கதவு திறந்ததா, அதிகாரி வந்தாரா, என்ன சொன்னார் என்று நின்ற இடத்திலேயே தவித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினான். செண்பகவல்லி ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, டேங்கைத் தன் முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஒன்பதுக்கே கதவைத் திறந்துவிட்டாளாம். அதிகாரி ஒன்பதரைக்கு வந்து பார்த்தாராம். மாற்றல் கிடையாது என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாராம். ஐயாத்துரைக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. சுவரில் கையை ஊன்றி நின்றுகொண்டான்.

மத்தியானம் அங்கேயே சாப்பிட்ட அதிகாரி, தொட்டுக்க எதாவது இருக்கா டீச்சர் என்று கேட்டாராம். ஒரு துண்டு வைத்தாளாம். அப்புறம் எழுந்திருக்கவில்லையாம். அதைப் பார்த்ததும் தான் தொடாமல் டப்பாவை மூடிவிட்டாளாம்.

“ஒரு துண்டுதான் தின்னாரு. நாளைக்கு ஒன்பது மணிக்கு எழுந்திருவாரு. பக்கத்துத் தோட்டத்து வாட்ச்மேன் துணைக்கு இருக்காரு, போர்வை குடுத்துட்டு வந்தேன்.”

அது சரி என்றான் ஐயாத்துரை. அவள் இரண்டு தட்டில் தயிர்சாதம் போட்டுக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். நாள் முழுவதும் நின்ற கால் கெஞ்சியது. அவள் பக்கத்தில் உட்காரவேண்டும்போல இருந்தது. உட்கார்ந்துவிட்டான். செண்பகவல்லி சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது, ராகு காலம் ஒன்பதுக்கு. விளக்கு சுவிட்சைக் கைக்கெட்டும்படி பார்த்து அவன் தோளோடு தோளாக உட்கார்ந்துகொண்டு, ஜாடியில் மிச்சமிருந்த அந்த ஒரு துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள்.