இரண்டாம் கோடு

எனக்கு முன்கோபம் அதிகம். அன்றைக்கு அத்தான் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

அத்தான் என்றால் என் அக்கா புருஷன். மாரடைப்பு வந்து ஏழு வாரம். இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் எங்கள் கூடத்தில் அவருக்கு அது முதல் நாள். டிரெட்மில்லில் ஏறுகிறவர்களுக்கு நெஞ்சில் ஒயர் ஒட்டி, சட்டைப் பையில் ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுவிடுவேன். அவரவர் துடிப்பு அவரவர் பெட்டி எண்ணில் என் திரையில் கோடாக ஓடும். பெயர் பதியாத எண் திரையில் தெரியாது. அதில் அலாரம் அடித்தால் மட்டும் கீழே வந்து நிற்கும். "உன்னை நம்பித்தான்டி அவரை அனுப்புறேன்" என்று அக்கா காலையிலேயே போனில் அழுதிருந்தாள்.

மேசையில் இரண்டு பெட்டிகளைத் துடைத்து வைத்திருந்தேன். இரண்டாம் எண் அத்தானுக்கு. நான்காம் எண் போன மாதம் இங்கேயே விழுந்து செத்துப்போன டிரைவர் போட்டிருந்தது. அதன் பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட வேண்டும்.

"என்ன மச்சினி, எனக்கு வெடிகுண்டு கட்டுறியா?"

"பேசாம நில்லுங்க அத்தான்! இல்லேன்னா வாயிலயும் சேத்து ஒட்டிடுவேன்."

எரிச்சலில் ஒன்றை அவர் பையில் திணித்தேன். மற்றதன் பேட்டரியைப் பிடுங்கி, பெட்டியையும் பேட்டரியையும் டிராயருக்குள் எறிந்தேன்.

இரண்டாம் கோட்டில் அத்தான் பெயர். துடிப்பு தொண்ணூற்றாறு. அச்சடித்த மாதிரி சுத்தம். கால் மணி நேரம் கழித்து, நான்காம் எண் கீழே வந்து நின்று கத்தியது. கோடு கன்னாபின்னாவென்று குதித்தது.

அது டிரைவரின் எண். டிரைவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். அப்போதெல்லாம் கோடு இப்படித்தான் குதிக்கும். நான் தலையைத் தூக்காமலே அலாரத்தை அமுக்குவேன். கடைசி நாள் அவர் பேசவில்லை. கையாட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றும் அமுக்கினேன். அவர் மனைவியிடம், "கடைசி வரைக்கும் கோடு சுத்தமாத்தான்க்கா இருந்துச்சு" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"யாரும் போடாத பெட்டிதானே, அமுக்கித் தொலை" என்றார் பக்கத்தில் நின்ற நர்ஸ் சிஸ்டர்.

விரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போய்விட்டது. அமுக்கவில்லை. டிராயரை இழுத்தேன். பேட்டரி இல்லாத பெட்டி. அதன் முதுகில் எண் இரண்டு.

"ஐயோ, அத்தான்!"

டிரெட்மில் கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்துகொண்டிருந்தார். டாக்டர் ஓடி வந்து ஷாக் கொடுத்தார். இரண்டாவது ஷாக்கில் இருமினார். கண் திறந்ததும், "உங்கக்காகிட்ட சொல்லிடாத" என்றார்.

அவரை வார்டுக்குக் கொண்டுபோன பிறகு மேசைக்கு வந்தேன். இரண்டாம் கோடு ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறு. சுத்தம். டிராயரில் பெட்டி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் கிடந்தன. திரையை அணைத்துப் போட்டேன். மறுபடி அதே கோடு. சிஸ்டரும் பார்த்தார். கதவோரம் போய் நின்றுகொண்டார்.

டிரைவர் மனைவியிடம் நான் சொன்ன சுத்தமான கோடு இதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனைவிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். கோடு சுத்தமா இல்ல. அவரு என்னைக் கூப்பிட்டாரு. நான் பாக்கல."

திரையில் கோடு ஒரே ஒரு தடவை, யாரோ கையாட்டியது போல் குதித்தது. பிறகு நின்றுபோனது.