பாக்கலாம் என்று சொன்ன கடல்நாய்

கடல்நாய் அந்த வீட்டைப் பார்வையிட வந்தது ஒரு புதன்கிழமை காலை, பதினேழாம் நம்பர் பஸ்ஸில், முறையாக டிக்கெட் எடுத்து. வாசலில் நின்றிருந்த செக்கர் முதலில் டிக்கெட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் நனைந்திருந்ததே தவிர, ஏறிய இடம், இறங்கிய இடம், கிழித்த விதம் எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பிறகு உள்ளே விடாமலிருக்க அவருக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

செக்கர் என்ற பெயர் பஸ் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் ஓடுகிற பஸ்களில் ஏறி அடுத்தவர் டிக்கெட்டைச் சோதித்தவர், எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார். பார்த்த பிறகும் பாதிதான் நம்புவார். வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்த பதில் ஒன்றுதான்: "பாக்கலாம்." மற்ற வீடுகளில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ தெரியாது, அந்த வீட்டில் "கிடையாது, ஆனால் அழக்கூடாது" என்று பொருள். அவருடைய மகள் ஆறு வயதில் ஒரு சைக்கிள் கேட்டாள். பாக்கலாம் என்றார். அவள் வளர்ந்து, வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, காதலித்து, கல்யாணம் செய்து, இரண்டு பிள்ளைகளையும் பெற்றுவிட்டாள். சைக்கிள் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

அந்த விடுமுறைக்குப் பேத்தியும் பேரனும் அவரிடம் வந்திருந்தார்கள். பேத்திக்கு எட்டு வயது, பேரனுக்கு ஐந்து. கடற்கரையில் கடல்நாய்ப் பூங்கா திறந்திருக்கிறது, பாறை மேல் அவை வெயில் காய்வதைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாமாம் என்று இருவரும் வந்த நாளிலிருந்து நச்சரித்தார்கள். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். சம்பந்தி வீட்டில் நீச்சல் குளம் இருந்தது. அது போதாதென்று அந்த மனுஷர் எதைக் கேட்டாலும் "வாங்கடா, கிளம்புங்கடா" என்று செருப்பை மாட்டிவிடுகிற ரகம். மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, இந்த லீவுலயும் பிள்ளைங்கள வீட்டுக்குள்ளயே அடைச்சு வெச்சீங்கன்னா, இனிமே அவங்க அந்தத் தாத்தா வீட்டுக்குத்தான் போவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." செக்கர் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். சுவரில் பேரன் கிறுக்கியிருந்தான். அதை அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மறுநாளே தனியாகப் பூங்காவுக்குப் போனார். கையில் பேரனின் தலை அளவுக்கு ஒரு எவர்சில்வர் சொம்பு. கழிப்பறைக் குழாய்களைத் திறந்து மூடினார், படிகளில் வழுக்குகிறதா என்று காலைத் தேய்த்துப் பார்த்தார், நிழல் எங்கே விழுகிறது என்று நின்று கவனித்தார். கம்பித் தடுப்பு நெடுக ஒவ்வொரு இடைவெளியிலும் சொம்பை நுழைத்துப் பார்த்தார். எங்கேயும் நுழையவில்லை. டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் வந்து, "இந்த நாய்ங்களுக்கெல்லாம் ஊசி போட்டிருக்கா?" என்றார்.

"சார், அது கடல்நாய்."

"நாய்னு போர்டுல நீங்கதானேம்மா எழுதி வெச்சிருக்கீங்க?"

அந்தப் பெண் தலையை வெளியே நீட்டிப் போர்டை ஒருமுறை படித்தாள். இத்தனைக்கும் அவர் கடல்நாய்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடுப்பாறையில் கிடந்த கிழக் கடல்நாய் ஒன்று மட்டும் மீசையை விறைத்துக்கொண்டு அவரையும் சொம்பையும் ஆரம்பத்திலிருந்து கவனித்து வந்தது. குறை எதுவும் கிடைக்காததே செக்கருக்குப் பெரிய குறையாக இருந்தது. வெளியேறும்போது, "சரி, பாக்கலாம்" என்று பொதுவாகச் சொன்னார். கிழம் அதைத் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொண்டது. கடலிலே இருப்பதால் அதற்கு அந்த வீட்டு அகராதி தெரியாது. சரி, நாமும் போய்ப் பார்ப்போம் என்று நினைத்துவிட்டது.

அதனால்தான் புதன்கிழமை வந்தது. நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீரை முகர்ந்தது. மாடிப்படியில் வயிற்றைத் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்த்தது. பிறகு வாயில் ஒதுக்கி வைத்திருந்த உருண்டைக் கல்லை வெளியே எடுத்து, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பார்த்தது. மூன்றாவது இடைவெளியில் கல் நுழைந்து தெருவில் விழுந்தது. கிழம் செக்கரைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை அவர் நன்றாக அறிவார். அத்தனை வருஷமாக அவர் பார்த்த பார்வைதான் அது.

பேத்திக்கு உடனே புரிந்துபோயிற்று. "தாத்தா, அதுக்கும் பேரப்பிள்ளைங்க இருக்கு. கூட்டிட்டு வரலாமான்னு முன்னாடியே பாத்துட்டுப் போக வந்திருக்கு."

"அது இதுன்னு சொல்லாதடி. வயசானவரு," என்றார் செக்கர். அன்றிலிருந்து அந்த வீட்டில் கடல்நாய் "அவர்"தான்.

பிள்ளைகள் அவருக்கு பிஸ்கட் நீட்டினார்கள். ஓடிப்போய் வாளியில் தண்ணீர் பிடித்தார்கள். பேரன் தன் ரப்பர் வாத்தைக்கூடக் கொடுத்தான். எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, வாத்தை மட்டும் துடுப்புக்கடியில் இடுக்கிக்கொண்டு அவர் வாசற்படி இறங்கும்போது நீளமாக, இழுத்து, ஒரு குரைப்புக் குரைத்தார். என்ன சொல்கிறார் என்று பேரன் கேட்டான். செக்கருக்கு மொழிபெயர்ப்பதில் சிரமமே இல்லை.

"பாக்கலாம்ங்கிறாரு."

பேரனின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. "அப்ப வர மாட்டாங்க," என்றான். பேத்தி அவனைச் சமாதானப்படுத்தவில்லை. வாளித் தண்ணீரை மெல்லச் சாய்த்துச் செடிக்கு ஊற்றினாள். சைக்கிள் கேட்ட நாளில் மகளும் இப்படித்தான் திரும்பிக்கொண்டு எதற்கோ தண்ணீர் ஊற்றினாள் என்று செக்கருக்கு நினைவு வந்தது. அந்தச் சொல்லுக்கு மறுபக்கத்தில் நிற்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

வியாழனும் வெள்ளியும் யாரும் வரவில்லை. செக்கர் பால்கனிக்கு வலை அடித்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவாள். சனிக்கிழமை காலை காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "கிளம்புங்கடா," என்றார். சொன்னது தன் வாய்தானா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மூவரும் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள்.

பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாகக் கடந்து போய் முடிந்ததும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்ப் பதினேழு நின்றிருந்தது. முன் சீட்டில் ஜன்னலோரமாகக் கிழவர். மடியில் இரண்டு குட்டிகள், ஒன்றின் வாயில் ரப்பர் வாத்து. பேரன் போட்ட கூச்சலில் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். செக்கர் இறங்கினார். கிழவரும் இறங்கினார். தண்டவாளத்தின் நடுவே இருவரும் எதிரும் புதிருமாக நின்று, இன்று யார் வீட்டுக்கு யார் போவது என்று பேசலானார்கள். இருவருமே விருந்தாளியாகப் புறப்பட்டு வந்தவர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள்.

"சார், கேட்டு தெறந்து நேரமாச்சு," என்றார் கண்டக்டர். "ரெண்டு பேரும் பெரிய மனுஷங்க. யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்க."

"இன்னைக்கு உங்க வீடு," என்றார் செக்கர். "நாளைக்கு எங்க வீடு."

கிழவர் சுருக்கமாகக் குரைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குட்டிகளோடு செக்கர் வந்த பஸ்ஸுக்கு மாறி ஏறும்போது பழைய டிக்கெட்டை நீட்டினார். இறங்கி ஏறினால் புது டிக்கெட்தான் என்று செக்கர் கறாராகச் சொல்லி, குட்டிகளுக்கும் சேர்த்துத் தானே எடுத்தார். பூங்காவில் அன்று நிழல் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. சாயங்காலம்வரை பாறையில் உட்கார்ந்து கடல்நாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது குளியலறை பூட்டியிருந்தது. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் அவள் பெற்றவர்கள். அடுத்த லீவுக்கும் இங்கேதான் என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டார்கள். சங்கதி கேள்விப்பட்ட சம்பந்தி போன் செய்து, தானும் ஒரு நடை வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். செக்கர் நிதானமாக யோசித்து, "பாக்கலாம்" என்றார்.

அதன் பிறகு அந்தச் சொல்லை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷக் கடைசியில் மகள் வீட்டுக்கு ஒரு சைக்கிள் வந்து இறங்கியது. சிவப்பு நிறம், ஆறு வயதுக்குரிய உயரம், மணியும் பின் சீட்டும் உண்டு. முப்பத்தாறு வயதில் அவள் முழங்கால் முகத்தில் இடிக்க ஒரு சுற்று ஓட்டினாள், அழுதாள், பிறகு அப்பா வீட்டிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டாள். இப்போது ஒவ்வொரு விடுமுறையிலும் பேத்தி ஓட்ட, பின் சீட்டில் யார் உட்காருவது என்று பேரனுக்கும் சின்னக் குட்டிக்கும் சண்டை. சின்னக் குட்டிக்கு மணி அடிக்க எட்டுவதில்லை என்பதால், முன்னால் உட்கார்ந்து அடிப்பது பெரிய குட்டிதான்.