ஏழாம் மாடியின் பல்வலி

2025 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிங்கப்பூரின் பூன் லேயில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில் குடியிருந்த பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேருக்கு இடப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. பொய்ப்பல் வைத்திருந்த அங்கமுத்துவுக்கும் வலித்தது. பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்ட பிறகும் வலித்தது. பல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். வலிக்காத ஒருவர் சுசீலா.

சுசீலா பூந்தி என்ற பூனையோடு தனியாக இருந்தார். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்த காலத்தில் அதைக் குட்டியாகக் கொண்டுவந்தார். கத்தினால் தீனித் தட்டை எடுத்துவிடுவார். கத்தாவிட்டால் ஒரு துண்டு மீன். நான்கு மாதத்தில் பூந்தி கத்துவதை விட்டது. இரண்டு முறை அதிகாரிகள் வந்தபோது அலமாரிக்குள் சத்தமின்றி இருந்தது. 2024இல் தடை நீங்கி, உரிமம் வாங்கிய பிறகும் கத்தவில்லை. “இவ மாதிரி அடக்கம் யாருக்கு வரும்?” என்று சுசீலா லிஃப்டில் பெருமையாகச் சொல்வார்.

வலி மே மாதம் வரை நீடித்தது. மாடி முழுவதும் கஞ்சி குடித்தது. பூந்தி உடம்பை நக்குவதை நிறுத்தியது. முதுகு ரோமம் சிக்குப்பிடித்தது. சோபாவில் ஏறாமல் தரையில் குறுகி உட்கார்ந்தது. வயதாகிவிட்டது என்று சுசீலா நினைத்தார். கஞ்சி கொடுக்க வந்த பக்கத்து வீட்டு இப்ராஹீம், அது சாப்பிடுவதைப் பார்த்து நின்றுவிட்டார். தலையை வலப்பக்கம் சாய்த்து மென்றது. பாதித் தீனி வாயிலிருந்து விழுந்தது.

“அக்கா, இவளுக்கு வலிக்குது.”

“சும்மா இருங்க தம்பி. வலிச்சா கத்த மாட்டாளா?”

“ரெண்டு மாசமா நானும் இப்படித்தான் சாப்பிடுறேன் லா. நான் கத்துனேனா?”

பூந்தியின் இடப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு அடியில் இருந்த கட்டி தாடையைத் தின்றிருந்தது. இனி வலியில்லாமல் போக ஊசி ஒன்றுதான் என்றார் விலங்கு மருத்துவர். மேசையில் கிடந்த பூந்தியின் காதருகே சுசீலா குனிந்தார்.

“கத்தும்மா. இப்ப யாரும் வர மாட்டாங்க.”

பூந்தி கத்தவில்லை. மீன் இருக்கிறதா என்று அவர் விரல்களை முகர்ந்து பார்த்தது.

மாலை நான்கு பத்துக்கு ஊசி போட்டார்கள். நான்கு பத்துக்கு ஏழாம் மாடியில் வலி நின்றது. அங்கமுத்து அன்றே முறுக்கு வாங்கினார். வலி ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. சுசீலா மட்டும் தினமும் காலையில் ஒரு பனிக்கட்டியை இடப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார். இதுவரை வலிக்கவில்லை.