ஆறுதலாச் சொல்லுவம்

ஸ்வர்ணாவுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தேட வேண்டும். அந்தச் சந்தேகத்தை ஐந்து மணிக்கு ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அவளோ பஸ்ஸில் தன்னோடு உட்காரவைத்து பாட்டனி டவுன்ஸில் இருக்கிற வீடு வரை கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தால், வேலி விஷயமாக ஏதோ கேட்கப்போகிறார் என்பாள். அவர் கேட்கவும் கேட்டார். அதிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவள் ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பராக, அவர்கள் பாஷையில் கோலியாக, போய் நின்றதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வலைக்கு முன்னால் நின்று, வருகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றத்தான் வருகிறார்கள் என்று நம்புவதுதானே கோலியின் வேலை. மகளை ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ளக் கூட்டிப்போனாள். மகள் மூன்றே மாதத்தில் கைவிட்டாள், அம்மா பிடித்துக்கொண்டாள். அது நடந்து ஆறு வருஷம். இப்போது நாற்பத்திரண்டு வயது. முழங்காலைப் பார்த்த டாக்டர் இந்த ஒரு சீசன்தான், அதற்கு மேல் மட்டையைத் தொடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சீசனின் கடைசியில் தெற்கே டனீடின் நகரத்தில் பெண்கள் அணிகளுக்கான போட்டி. அணியில் ஒரு கோலிக்குத்தான் இடம். கோலிகளோ இரண்டு பேர். ஒருத்தி ஸ்வர்ணா. இன்னொருத்தி ஷைலேஷ்னி, ஃபிஜியிலிருந்து வந்தவள், இருபத்தொன்பது வயது, பாட்டனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஸ்வர்ணாவுக்கு இது போனால் இனி இல்லை. டனீடின் வலைக்கு முன்னால் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்ற ஆசை அவளைத் தூங்கவிடாமல் அரித்தது.

தேர்வு செய்யவேண்டியவர் குலசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். ஐந்து வயதில் டொராண்டோவுக்குப் போய், இங்கிலீஷ் பேசத் தெரிந்த வேகத்திலேயே பனியில் சறுக்கவும் தெரிந்துகொண்டவர். மனைவி தர்சினியின் வேலைக்காக ஆக்லாந்து வந்து, மங்கரேயில் விமானச் சரக்கு கம்பெனி ஒன்றில் இருந்தார். கோலிகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். தர்சினி அணியின் மேனேஜர். குலசிங்கம் பனிக்கு மேல் எல்லாருடனும் இங்கிலீஷ், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்வர்ணாவிடம் மட்டும் தமிழ்.

இலவசம் என்ற சொல்லில்தான் ஸ்வர்ணாவுக்கு முதல் சந்தேகம் வந்தது. ஒரு மனுஷன் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, சும்மா சொல்லிக்கொடுக்கிறாராம். அவருக்கு என்ன லாபம் என்று கணவன் மதன்குமாரைக் கேட்டாள். பிடிச்சிருக்கும், செய்யறார் என்றான் அவன். நீ ஒரு அப்பாவி என்று சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பினாள்.

இரண்டாவது சந்தேகம் பயிற்சியில் வந்தது. ஷைலேஷ்னியை வலைக்கு முன்னால் நிறுத்தி, நாலு பேரை விட்டு பக்கை அடிக்கச் சொன்னார். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு அவள் நெஞ்சிலும் காலிலும் படபடவென்று விழுந்துகொண்டே இருந்தது. கோலி வேலை என்றால் அதுதான். ஸ்வர்ணாவை மட்டும் அடுத்த வலைக்குக் கூட்டிப்போய், வலையை விட்டு வெளியே வா என்றார். களத்தைச் சுற்றி இருக்கிற பலகைச் சுவரோடு பக்கை உருட்டிவிடுவார். அவள் வலைக்குப் பின்னால் ஓடி, அதை மட்டையால் நிறுத்தி, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எதிராளி எங்கே என்று கண்டுகொண்டு, தன் ஆளுக்குத் தள்ள வேண்டும். ஆள் இல்லையென்றால் சுவருக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் பட்டு மேலே போகும்படி தூக்கி அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. கனத்த கையுறையோடு மட்டையைக் கவிழ்த்துப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கியது.

அவளுக்கு இது பெருக்கித் துடைக்கிற வேலையாகப் பட்டது. கோலிக்கு வீடே வலைதான். வீட்டுக்காரியை வெளியே அனுப்பிவிட்டு வீட்டை யாருக்குக் கொடுக்கப்போகிறார்? பத்து வாரம் இதையே யோசித்தாள். அவர் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அவள் கிட்டே போனால் அதை மூடினார். பனி பட்டுத் தாள் ஈரமாகாமல் இருக்கத்தான் எல்லா நேரமும் மூடிவைத்தார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒரு நாள் இன்னொரு அணியோடு பயிற்சி ஆட்டம். பக் சுவரோடு உருண்டு வந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடியே ஸ்வர்ணா வெளியே ஓடினாள், நிறுத்தினாள், பார்த்தாள், ரஷ்மிக்குத் தள்ளினாள். ரஷ்மி தடுப்பில் ஆடுகிறவள். ஸ்வர்ணாவின் தெருவிலேயே வீடு, இரண்டு பேரும் ஒரே காரில் வருவார்கள். பக் நடுவில் யாரோ ஒருத்தியின் மட்டையில் பட்டுத் திரும்பி, காலியாகக் கிடந்த வலைக்குள் சாவகாசமாகப் போய் உட்கார்ந்தது. எதிரணி சிரித்தது. குலசிங்கம் ஓரத்தில் நின்று நோட்டில் எழுதினார். சரியான முடிவுதான் எடுத்தீங்கள், பரவாயில்லை என்றார். பக்கா நக்கல் என்று முடிவுகட்டினாள் ஸ்வர்ணா. காரில் போகும்போது ரஷ்மியிடம் குமுறினாள். அந்த ஆள் உன்னைத்தான் அதிகம் கவனிக்கிறார் என்றாள் ரஷ்மி. அதேதான், ஏன் கவனிக்கிறார் என்றாள் இவள். ரஷ்மி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

தேர்வு அறிவிக்க வேண்டிய வாரம் வந்தது. சனிக்கிழமை பயிற்சி முடிந்து, ஸ்வர்ணா கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து பையைத் திணித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கார் தள்ளி குலசிங்கம் போனில் இருந்தார். மறுமுனையில் தர்சினி என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஸ்வர்ணா டிக்கியை மூடாமல் குனிந்தபடியே நின்றாள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் ஓட்டை தேடுகிறவளிடம் போய் நியாயம் சொல்ல முடியுமா?

"ஓம், முடிவு அதுதான். ஷைலேஷ்னிக்கு இண்டைக்கே சொல்லோணும், நான் இப்பவே போய்ச் சொல்லுறன்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஸ்வர்ணாவுக்கு ஆறுதலாச் சொல்லுவம்" என்றார்.

அவள் டிக்கியை அடித்து மூடினாள். ஆறுதலாகச் சொல்வார்களாம். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முதுகைத் தடவி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று. அடுத்த வருஷம் ஏது அவளுக்கு? குலசிங்கம் உள்ளே போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். ஷைலேஷ்னி பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தாள் ஸ்வர்ணா.

ரஷ்மி அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் வழியில் கொஞ்சம் ஆறியிருப்பாளோ என்னவோ. தனியாக வீட்டுக்குப் போனாள், பையைக்கூட இறக்காமல் காரிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். பதினேழு பேர் இருக்கிற அணியின் வாட்ஸ்அப் குரூப். இங்கிலீஷில் எழுதினாள். ஷைலேஷ்னிக்கு வாழ்த்துகள். கோச் எனக்கு ஆறுதல் சொல்லச் சிரமப்பட வேண்டாம். வேறொருத்தி வலையில் நிற்பதற்காகப் பத்து வாரம் என்னை வலையை விட்டு வெளியே ஓடப் பழக்கினார், வேண்டுமென்றேதான் என் ஆட்டத்தைக் கெடுத்தார், இது எனக்கு முதல் நாளே தெரியும். நான் விலகுகிறேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தாள். அனுப்பினாள்.

உள்ளே போய் மதன்குமாரிடம் காட்டினாள். அவன் முழுதும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்டால் பொய்தான் சொல்லியிருப்பார் என்றாள். அவன் காபி போட எழுந்து போனான். போன் சும்மா கிடந்தது. பதினாறு பேர் பார்த்துவிட்டதாகக் காட்டியது, ஒருவரும் பதில் போடவில்லை. பயந்துவிட்டார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு வரி வந்தது, ஷைலேஷ்னியிடமிருந்து. இது விளையாட்டா, என்னைத்தானே எடுக்கவில்லை என்று கோச் சொன்னார் என்று கேட்டிருந்தாள்.

ஸ்வர்ணா அந்த வரியைச் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஓட்டை இல்லை.

உடனே தர்சினி போன் செய்தாள். குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். "ஸ்வர்ணா அக்கா, நீங்கள்தான் போறீங்கள். ஷைலேஷ்னி கடையில ரோஸ்டர் இண்டைக்குப் போடுறாங்கள், லீவை அவ இண்டைக்கே கான்சல் பண்ணோணும். அதுதான் அவக்கு உடன சொன்னது. உங்களுக்கு என்ன அவசரம், ஆறுதலாச் சொல்லலாம் எண்டு விட்டனாங்கள்."

"ஆறுதலான்னா என்ன?" என்று ஸ்வர்ணா கேட்டாள்.

இப்படி ஒரு கேள்வியைத் தர்சினியிடம் யாரும் கேட்டதே இல்லை. "ஆறுதலா எண்டா மெதுவா. அவசரப்படாமல், நேரம் எடுத்து. நீங்கள் என்னெண்டு சொல்லுவீங்கள்?"

ஸ்வர்ணா மெதுவாக என்றுதான் சொல்வாள். பொறுமையாக என்பாள். ஆறுதல் என்பதை எதையாவது இழந்தவர்களுக்குத்தான் வைத்திருந்தாள். அவள் சோபாவில் உட்கார்ந்தாள். மதன்குமார் காபியை நீட்டிக்கொண்டு நின்றான், அவள் வாங்கவில்லை. குரூப்பில் எழுதியதை அழித்தாள். படித்தவர்கள் மனசிலிருந்து அதை அழிக்க எந்தப் பொத்தானும் இல்லை. தேர்வானதில் சந்தோஷம் என்று ஒரு துளிகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்குப் போனாள். ஷைலேஷ்னி கவுண்டரில் இருந்தாள். ஸ்வர்ணா மன்னிப்புக் கேட்டதை முழுதாகக் காதில் வாங்கினாள். எனக்கு வாய்ப்பில்லை என்று தெரிந்த அரை மணியில் பதினாறு பேர் முன்னால் எனக்கு வாழ்த்துச் சொன்னீர்கள் என்றாள் இங்கிலீஷில், சாதாரணமாக. பிறகு வரிசையில் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் பயிற்சி. ரஷ்மி தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லித் தன் காரில் முன்னாலேயே வந்திருந்தாள். குலசிங்கம் தனியாக வலையை இழுத்துவைத்துக்கொண்டிருந்தார். ஸ்வர்ணா வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். நின்ற இடத்தில் பாதி மறந்துபோயிற்று. தப்பு பண்ணிட்டேன், அந்த வார்த்தை எங்க ஊரில் வேற மாதிரி என்று சொன்னாள். பிறகு சொல்ல நினைத்ததைச் சொன்னாள்.

"எனக்கு வேண்டாம் கோச். ஷைலேஷ்னியையே கூட்டிட்டுப் போங்க."

அவர் வலையின் முளையை அழுத்திவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"உங்களைப் பிடிச்சபடியால நான் எடுக்கேல்லை. எங்கட தடுப்பில நிக்கிற ரெண்டு பேருக்கும் வேகம் காணாது, மெதுவாத்தான் ஓடுவினம். பக்கைத் தானே வெளியில எடுத்துவிடுற கோலிதான் இந்த அணிக்கு வேணும். பக்கை மறிக்க உங்களுக்கு முதலே தெரியும், இது தெரியேல்லை. அதுதான் பழக்கினனான். இப்ப ஷைலேஷ்னியவிட உங்களுக்குத்தான் அது வரும். சனிக்கிழமையும் அப்பிடித்தான், இண்டைக்கும் அப்பிடித்தான். அதை நான் மாத்தேலாது."

இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு வாய் வரை வந்தது. நீ கேட்டாயா என்று மதன்குமார் கேட்டது ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டாள்.

"ஒண்டு மட்டும்" என்றார் அவர். "இனி நான் உங்களோட இங்கிலீஷிலதான் கதைப்பன். அதில உங்களுக்குச் சந்தேகம் வராது."

தமிழில் அவர் அவளிடம் சொன்ன கடைசி வாக்கியம் அது. இந்த ஆறு வருஷத்தில் அந்தப் பனிக்கு மேல் அவளோடு தமிழ் பேசியவர் அவர் ஒருவர்தான். அதைக்கூட அவள் இதுவரை கணக்கில் எடுத்ததில்லை. முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுதால் வெளியே தெரியாது என்பது கோலிக்கு ஒரு வசதி. அவள் அழுதாள்.

மற்றவர்கள் பனியில் இறங்கினார்கள். குலசிங்கம் பக்கைச் சுவரோடு உருட்டிவிட்டார். ஸ்வர்ணா வலைக்குப் பின்னால் ஓடினாள், நிறுத்தினாள், தோளுக்கு மேல் பார்த்தாள். ஆள் வருகிறதா, நேரம் இருக்கிறதா என்று தடுப்பில் இருப்பவர்கள் குரல் கொடுப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. தானே பார்த்து, தானே முடிவெடுத்து, கண்ணாடியில் உரசி மேலே போகும்படி தூக்கி அடித்தாள். பத்து வாரத்தில் அவள் அடித்ததிலேயே சுத்தமான அடி. பக் எல்லாரையும் தாண்டி நடுக்கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தது.

ரஷ்மிக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பக் போன திசையில் ஓட வேண்டியதுதான். அவள் ஓடவில்லை. நின்று, கழுத்தைத் திருப்பி, ஸ்வர்ணா உண்மையிலேயே பக்கை வெளியே அனுப்பிவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.