டோல்கருக்கு வந்த மூச்சு

லடாக் மலைக் கணவாயில் வெயில். பக்கத்திலேயே பனி. இரண்டும் ஒரே பாறையில், ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தன.

கயிறு கயிறாகப் பிரார்த்தனைக் கொடிகள். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். காற்று அவற்றைப் பிடித்து உலுக்கியது. அவ்வளவு காற்று. ஆனால் பிரகாசிக்கு இழுக்க ஒரு வாய்க் காற்று இல்லை.

வண்டியின் கதவைத் திறந்துவைத்து அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள். மடியில் ஆக்ஸிஜன் சிலிண்டர். மகளுக்கு முடியாமல் போனால் என்று வாங்கியது.

மகள் டோல்கர் வெளியே ஓடிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பனியை உருட்டி ஓட்டுநர் டோர்ஜேயின் முதுகில் எறிந்தாள். அவர் திரும்பினால், ஒன்றுமே தெரியாத முகம்.

பிரகாசி தூத்துக்குடிக்காரி. உப்புக் காற்றில் வளர்ந்தவள். அவள் அப்பா சங்கு குளித்தவர். மூச்சுன்னா அது நம்ம வீட்டு மூச்சு என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொள்வார். அந்த வீட்டு மூச்சு இந்த மலையில் சல்லிக்குப் பெறவில்லை.

அவளுக்குத் தொழில் மரபணு. ஹைதராபாத்தில் ஓர் ஆய்வகம். இல்லாமல் போன மனிதர்களை இருக்கிற மனிதர்களின் ரத்தத்தில் தேடுகிற வேலை.

மனித வம்சத்தில் நாம் ஒற்றை வாரிசு இல்லை. நமக்குப் பெரியப்பா வழி இருந்தது. சித்தப்பா வழி இருந்தது. நியாண்டர்தால் என்று ஒரு வழி. டெனிசோவன் என்று ஒரு வழி. நம்மவர்கள் அவர்களைச் சந்தித்தார்கள். கலந்தார்கள். பிள்ளை பெற்றார்கள். பிறகு அவர்கள் இல்லாமல் போனார்கள். முழுக்க அல்ல.

சைபீரியாவில் ஒரு குகை. அதில் ஒரு சுண்டுவிரல் எலும்பின் நுனி. ஒரு சிறுமியின் விரல். அந்தத் துணுக்கிலிருந்த மரபணுதான் டெனிசோவன் என்று ஓர் இனம் இருந்ததையே உலகத்துக்குச் சொன்னது.

அந்த இனம் விட்டுப்போன மரபணு ஒன்று திபெத்தில் இருக்கிறது. லடாக்கில் இருக்கிறது. உயரத்தில் வாழப்போனால் மற்றவர்களுக்கு ரத்தம் குழம்பாய்க் கெட்டிப்படும். அது இருப்பவர்களுக்கு ரசமாகவே ஓடும். மாணவர்களுக்கு அவள் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள். அவர்களுக்குப் பசி வந்துவிடும்.

அந்தச் சொத்து அவள் கணவன் ஸ்டான்சினிடம் இருந்தது. ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவம் படித்த லடாக்குக்காரன். அப்போது ஓர் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தான், முடிவும் தெரிந்தது. எந்த மரபணுவும் இரண்டு பிரதியாக இருக்கும்; இது அவனிடம் ஒரு பிரதிதான். அது மகளுக்கு வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். பூவா தலையா.

டோல்கரைப் பார்த்தால் முழுக்கப் பிரகாசி. அதே நிறம். அதே சுருட்டை முடி. கோபம் வந்தால் அதே மூக்கு. "எங்கிட்டேருந்து இவளுக்கு என்னதாம்ட்டி வந்திச்சு?" என்பான் ஸ்டான்சின். தமிழை அவன் பிரகாசியிடம்தான் கற்றான். அதனால் தூத்துக்குடித் தமிழ்தான் வரும்.

இப்போது அவனுக்குச் சொந்த ஊரில் வேலை. கணவாய்க்கு அந்தப் பக்கம், ஆடுகள் மேயும் மேட்டு வெளியில். வருஷா வருஷம் கோடையில் மகளை என்னிடம் அனுப்பு என்று கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான். பிரகாசி பயந்தாள். பயந்துகொண்டே இருந்தாள்.

கடைசியில் ஒரு பேச்சு பேசி முடித்தார்கள். லே நகரத்தில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, கணவாய் வரை அவள் கூட்டிவருவாள். அவன் அந்தப் பக்கமிருந்து வருவான். பிள்ளை தாங்கினால் மூன்று பேரும் அந்த மேட்டு வெளிக்கு. தாங்காவிட்டால் திரும்பிவிட வேண்டும். அப்புறம் எந்தக் கோடையிலும் அவன் கேட்கக்கூடாது.

மகளின் ஒரு சொட்டு ரத்தம் போதும், வந்ததா இல்லையா என்று முன்னாலேயே தெரிந்திருக்கும். சொந்தக்காரர் ரத்தத்தைச் சொந்த மேசையில் வைக்கக்கூடாது என்பது ஆய்வக விதி. சரி, பக்கத்து மேசையில் கொடுத்திருக்கலாம். அவள் கொடுக்கவில்லை. முடிவு வந்துவிட்டால் அப்புறம் பிள்ளையை யார் பார்ப்பது? காகிதத்தைத்தான் பார்ப்போம்.

"ஏட்டி டோல்கர். இங்க வா. வெரலக் காட்டு."

மகள் வந்தாள். கையுறையை உருவிவிட்டு, ஆள்காட்டி விரலுக்குப் பதில் வேண்டுமென்றே சுண்டுவிரலை நீட்டினாள். நகத்தில் அழுக்கு. நுனி சிவந்திருந்தது. பிரகாசி அதில் ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கும் கருவியை மாட்டினாள். ஒரு சிவப்பு வெளிச்சம் விரலுக்குள் போய் வந்தது.

எண் வந்தது. அந்த உயரத்துக்கு நல்ல எண். மிக நல்ல எண்.

பிரகாசி விரலை விடவில்லை. குகையில் கிடந்த விரலும் இவ்வளவுதான் இருந்திருக்கும். அந்தச் சிறுமிக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள். பனியில் ஆடாதே, உள்ளே வா என்று கத்தியிருப்பாள். அந்த அம்மாவின் மொழி தெரியாது. முகம் தெரியாது. கத்தியது மட்டும் நிச்சயம்.

பிரகாசிக்கு அழுகை வந்தது. வருத்தம் இல்லை. பெருமை.

கருவிக்கு மரபணு தெரியாது. ஒரே ஒரு மரபணு எதையும் தனியாகத் தீர்மானிப்பதில்லை என்று அவளே பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறாள். எழுதியவள் அழுதாள்.

டோல்கர் அம்மாவை உற்றுப் பார்த்தாள். அம்மாவின் உதடு நீலம். மகளே சிலிண்டரைத் திருகினாள். முகமூடியை எடுத்து அம்மாவின் மூக்கில் வைத்து அழுத்தினாள். லேயில் அம்மாதான் சொல்லிக்கொடுத்திருந்தாள், மகளுக்கே வேண்டிவந்தால் என்று.

"எம்மா, மெதுவா இழு. வெடுக்குனு இழுக்காத."

பிரகாசி மெதுவாக இழுத்தாள். காற்று வந்தது. மகளின் கையிலிருந்து வந்தது.

அந்தப் பக்கத்துச் சரிவில் ஜீப்பின் சத்தம். ஸ்டான்சின் இறங்கி ஓடிவந்தான். அவன் ஓட்டத்தைப் பார்த்ததும் டோல்கரும் ஓடினாள். கொடிகளுக்கு நடுவே இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கவில்லை.

வண்டிக்கு வந்து மனைவியைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஒதடெல்லாம் இப்பிடி ஆயிட்டே பிரகாசி. எறங்கிருவோம். மூணு பேரும் எறங்கிருவோம்."

"பேச்சு என்ன பேசுனோம்? பிள்ள தாங்குதாளான்னுதான. அவ தாங்கிட்டா." பிரகாசி நிறுத்தினாள். இழுத்தாள். "அவளக் கூட்டிட்டுப் போங்க."

"ஒன்ன இப்பிடி விட்டுட்டா?"

"எறங்குனா எனக்குச் சரியாயிரும். இது எனக்குத் தெரியாதா? டோர்ஜே இருக்காரு. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம். அவளுக்கு லேசாத் தலவலின்னாலும் அடுத்த நிமிசம் கீழ கொண்டாந்திரணும். சரியா?"

அவன் தலையாட்டினான். எத்தனை கோடைகள் கேட்டிருக்கிறான். கிடைத்தபோது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டோல்கரின் முகம் கோணியது. "நீ வரலியாம்மா?"

"என் மூச்சு கடலுக்குச் செஞ்சது மக்கா. ஒனக்கு ரெண்டு வீட்டு மூச்சு. அப்பா வீட்டு மூச்சு ரொம்பப் பழசு. நாமல்லாம் இங்க வர்றதுக்கு முந்தியே இருந்த மனுசங்க குடுத்தது. போய் ஓடிட்டு வா."

பிள்ளை அழவில்லை. அழப்போகிற மூக்கு மட்டும் ஒருமுறை விடைத்து அடங்கியது. முகமூடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தாள். ஜீப்பில் ஏறினாள்.

டோர்ஜே வண்டியைக் கீழே விட்டார். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பிரகாசிக்குக் கொஞ்சம் மூச்சு திரும்பியது. ஒவ்வொரு வளைவிலும் மகள் கொஞ்சம் தூரமானாள். இரண்டும் ஒரே நேரத்தில்.

வந்ததா, வரவில்லையா? சோதித்தால்தான் தெரியும். அவள் சோதிக்கப்போவதில்லை. அந்தக் கொடிகளுக்கு நடுவே மூச்சு வாங்காமல் ஓடியவளை அவள் பார்த்துவிட்டாள்.

அழிந்துபோனார்கள். இத்தனை வருஷமாக அவள் எழுதிவந்த வார்த்தை. இனிமேல் அதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும். விரலும் பல்லுமாக மிஞ்சியவர்கள், யார் வீட்டுப் பிள்ளைக்கோ மூச்சு விட்டுப்போயிருக்கிறார்கள். இதைவிட ஒரு குடும்பம் என்ன செய்துவிட முடியும்?

பள்ளத்தாக்கில் சன்னமாகத் தூறியது. தூறலுக்குள்ளேயே வெயில். ஆற்றங்கரையில் வில்லோ மரங்கள் பச்சையாக நின்றன. தலைக்குள் கொத்துவது நின்றிருந்தது.

அவள் முகமூடியைக் கழற்றினாள். "டோர்ஜே அண்ணே," என்றாள் தமிழில். அவருக்குத் தமிழ் தெரியாது. "மேல போறாள்லா. அவ எம் மவ."

அவர் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார். கீழே போகிறவர்கள் மூச்சு திரும்பியதும் ஏதாவது பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பிரகாசிக்குப் போதவில்லை. ஜன்னலை இறக்கினாள். தூறல் முகத்தில் பட்டது. நெஞ்சு நிறைய இழுத்து, மலை முழுக்கக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னாள்.

"அவ எம் மவ!"